ஒதுக்கீட்டு ஆணையும் ஒரு குடம் நீரும்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ‘ஒதுக்கீட்டு ஆணை’ என்னும் சொல்லின் பெருமையை விளக்க வேண்டுவதில்லை. ஊரில் வயலும் கிணறும் உடையவர்கள்கூட இங்கு வந்து, ஒற்றை அறையில் ஒண்டிக் குடியிருந்து, அரசுக் குடியிருப்புக்கு மனுச் செய்துவிட்டு ஆண்டுகளை எண்ணிக் காத்திருக்கிறோம். ஆணை கைக்கு வரும் நாளில் வீட்டில் பாயசம் வைக்கிறோம். ஊருக்குத் தொலைபேசியில் செய்தி சொல்கிறோம். எங்களுக்கும் ஒரு நாள் அது வந்தது. எண், தேதி, கையொப்பம், முத்திரை எல்லாம் குறைவற இருந்தன. நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சக் குடும்பத்தோடு புது வீட்டுக்குச் சென்றோம். குழாயைத் திருகினோம். காற்றுதான் சீறியது, நீர் வரவில்லை.

அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார் கொடுத்த ஒரு குடம் நீரைக் கொண்டுதான் அன்று பாத்திரம் கழுவிப் பால் காய்ச்சினோம். பின்னர் விசாரித்தபோது உண்மை புலப்பட்டது. வீடு ஒரு துறையைச் சேர்ந்தது. வீதிக் குழாய் வேறொரு துறையைச் சேர்ந்தது. குழாய்க்குள் ஓடவேண்டிய நீரோ அண்டை மாநிலங்களிலிருந்து வந்து சேரவேண்டியது. ஒவ்வொருவருடைய தாளும் ஒழுங்காகவே இருந்தது. எவரிடமும் பிழை இல்லை. நீர் மட்டும் இல்லை. ஓராண்டுக் காலம் விடியற்காலை ஐந்து மணிக்கு லாரியின் ஒலி கேட்டு வாளியோடு ஓடினோம்.

வீட்டுக் கதையை விழா மலரில் எழுதுவானேன் என்று அன்பர்கள் எண்ணலாம். காரணம் உண்டு. நம்மைப் போலவே தொலைவிலிருந்து பிழைக்க வந்து, சட்டப்படி இருப்பிடம் ஒதுக்கப்பெற்று, ஆணை இருந்தும் நீரின்றித் தவித்த சில உயிர்களை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே நாங்கள் பார்த்திருந்தோம். பார்த்தபோது நாங்கள் புரிந்துகொண்டது பாதிதான். அந்த வறண்ட குழாய்க்கு முன்னால் நின்றபோதுதான் மீதிப் பாதி புரிந்தது.

2004ஆம் ஆண்டு. தேர்வாணையத் தேர்வு எழுதி, எழுத்தர் பணி பெற்று, தில்லிக்கு வந்திருந்த இளைஞர்கள் நாங்கள் மூவர். கரோல்பாக்கில் மாடி அறை ஒன்று. மூவரும் பட்டதாரிகள்; மூவரும் இந்தியில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தவர்கள். அலுவலகத்தில் எங்களுக்கு மொழியும் வழியும் சொல்லிக்கொடுத்தவர், கோப்புகளை அறைக்கு அறை எடுத்துச் செல்லும் கடைநிலை ஊழியர் ஒருவர். எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் எங்களைப் ‘பாபுஜி’ என்பார். நாங்கள் அவரைப் ‘பையா’ என்போம். ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் அத்தை ஒருவர் இதைக் கேட்டு, “நரை விழுந்த மனிதரைப் போய்ப் பையா என்று கூப்பிடுகிறீர்களே, என்ன படிப்பு படித்தீர்கள்?” என்று கடிந்துகொண்டார். வடமொழிப் பக்கத்தில் அதற்கு ‘அண்ணா’ என்று பொருள் என விளக்கிய பிறகுதான் அவர் மனம் ஆறிற்று.

அந்தப் பையாவின் ஊர் ராஜஸ்தானத்துப் பரத்பூரை அடுத்த சிற்றூர். “உலகமெல்லாம் எங்கள் ஊர்ப் பறவைகளைப் பார்க்க வருகிறது. நீங்கள் வரக்கூடாதா?” என்று அவர் பலமுறை அழைத்தார். டிசம்பர் மாதத்து விடுமுறையில் நிஜாமுத்தீன் நிலையத்தில் ரயிலேறி, மதுரா வழியாகப் பரத்பூர் சென்று இறங்கினோம்.

கேவலாதேவ் தேசியப் பூங்கா என்பது அவ்விடத்தின் பெயர். பூங்காவின் நடுவே உள்ள சிவன் கோயிலால் வந்த பெயர் அது. பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர். இஃது இயற்கையாக அமைந்த ஏரியன்று. பதினெட்டாம் நூற்றாண்டில், சூரஜ்மல் ஆட்சிக்காலத்தில், கம்பீர் ஆறும் பாண்கங்கா ஆறும் கூடும் பகுதியில் அஜான் என்னும் கரை எழுப்பப்பட்டது. அதன்பின் அப்பள்ளத்தில் மழைக்கால வெள்ளம் தேங்கிற்று. நீர் தேங்கவே மீன் வந்தது. மீன் வரவே பறவை வந்தது. பின்னாளில் பரத்பூர் மன்னர்கள் மதகுகளும் சிறு கரைகளும் அமைத்து அதை வாத்து வேட்டைக்களமாக்கினர்.

பையா முதலில் எங்களைக் கோயிலருகே நாட்டப்பட்டுள்ள கல்வெட்டுப் பலகைகளிடம் அழைத்துச் சென்றார். எந்த நாளில், எந்தப் பிரபு வந்து, எத்தனை துப்பாக்கிகளால் எத்தனை பறவைகளைச் சுட்டார் என்னும் கணக்கு அவற்றில் வெட்டப்பட்டிருக்கிறது. 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் விருந்தினர் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளை வீழ்த்தியதாக ஒரு வரி கூறுகிறது. கணக்கு எழுதிப் பிழைப்பவர்கள் நாங்கள். அவ்வளவு பிழையற்ற கணக்கை அவ்வளவு வெட்கமின்றிக் கல்லில் பொறித்திருப்பதைக் கண்டு வாயடைத்து நின்றோம்.

விடுதலைக்குப் பின் இந்நிலத்தை வடித்து வயலாக்கிவிட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி, பிரதமர் நேருவின் செவிக்குச் செய்தியைக் கொண்டு சென்று அதைத் தடுத்தார். 1956இல் அது சரணாலயம் ஆயிற்று. ஆயினும் மன்னர் குடும்பத்தின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது.

அந்த 1972ஆம் ஆண்டுதான் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிறந்த ஆண்டு. இச்சட்டம் வந்த வழியே ஒரு பாடம். வன உயிர்கள் அந்நாளில் மாநிலப் பட்டியலில் இருந்தன. எனவே பல மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் இயற்றி வேண்டிக்கொண்ட பின்பே நாடாளுமன்றம் இதை இயற்ற இயன்றது. 1976இல் அரசியலமைப்பின் 42ஆம் திருத்தம் காட்டையும் காட்டுயிரையும் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. காத்தல் அரசின் கடமை என 48அ பிரிவும், குடிமக்களின் கடமை என 51அ பிரிவும் அதே திருத்தத்தால் வந்தன. 1980இல் காடுகளுக்கும் 1986இல் சுற்றுச்சூழலுக்கும் தனிச் சட்டங்கள் வந்தன. உயிரைக் காப்பதென்றால் அதன் உறைவிடத்தைக் காக்க வேண்டும் என்னும் உண்மை இச்சட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிறது. வேட்டைக்காரனின் கையைப் பிடித்தால் மட்டும் போதாது. உயிர் உண்ணவும், கூடு கட்டவும், குஞ்சு பொரிக்கவும் இடம் வேண்டும்.

சட்டம் அந்த இடத்தை முதன்மையாக இரு வகைகளில் வரையறுக்கிறது. ஒன்று சரணாலயம், மற்றொன்று தேசியப் பூங்கா. சரணாலயத்துக்குள் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தி அனுமதிக்கலாம். தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சல் அறவே கூடாது. இந்த ஒரு சொல் வேறுபாட்டில் எத்தனை குடும்பங்களின் அடுப்பு அடங்கியிருக்கிறது என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லாது. அதைப் பையாதான் எங்களுக்குச் சொன்னார்.

1981இல் இவ்விடம் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலையாகப் பட்டியலில் ஏறிற்று. அக்காலத்தை ஒட்டியே தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பெற்றது. 1982 நவம்பரில் மேய்ச்சல் நின்றது. சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து நாள்தோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எருமைகளும் மாடுகளும் தலைமுறை தலைமுறையாக உள்ளே சென்று மேய்ந்து வந்தன. மாற்று மேய்ச்சல் நிலம் காட்டுவதற்கு முன்பே கதவு சாத்தப்பட்டது. மக்கள் திரண்டனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் கிராமத்தார் சிலர் உயிரிழந்தனர். 

அப்பொழுது பையாவுக்கு வயது பதினேழு. அவருடைய தந்தையாரிடம் ஏழு எருமைகள் இருந்தனவாம். தீவனம் வாங்கிப் போட வழியின்றி, சந்தையில் கேட்ட விலைக்கு ஆறை விற்றுவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்களாம். ஊரில் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க முயன்றதால் விலை விழுந்துவிட்டது. படித்துக்கொண்டிருந்த பையா பள்ளியை விட்டுத் தில்லிக்கு வந்தது அதன் பின்புதான்.

இதைக் கேட்டபோது எங்களில் ஒருவர் ஒன்று சொன்னார். சொன்னவர் யார் என்பது இப்போது முக்கியமன்று. மூவர் நெஞ்சிலும் இருந்த கருத்து அதுவே. “இருந்தாலும் பையா, எருமை மிதித்துத் துவைக்கும் நீரில் பறவை எப்படி வாழும்? சட்டம் போட்டது நியாயந்தானே?” என்றோம்.

பையா மறுமொழி கூறவில்லை. குனிந்து, வெடித்துக் கிடந்த ஏரித் தரையிலிருந்து ஒரு மண்கட்டியை எடுத்து எங்கள் கையில் வைத்தார். காய்ந்த புல்வேர் அதில் பின்னிக் கிடந்தது. “எங்கள் எருமைகள் போய் இருபத்திரண்டு ஆண்டாயிற்று பாபுஜி. பறவை எங்கே?” என்று மட்டும் கேட்டார்.

ஆம், பறவை இல்லை. உலகப் புகழ்பெற்ற அந்நீர்நிலையில் அவ்வாண்டு நீரே இல்லை. ஆழ்துளைக் கிணற்று நீரை இறைத்துவிட்ட ஓரிரு குட்டைகளில் சில நாரைகளும் நாமக்கோழிகளும் ஒடுங்கி நின்றன. சைக்கிள் ரிக்ஷா ஓட்டிக்கொண்டே பறவைகளின் பெயரை ஆங்கிலத்தில் அடுக்கும் வழிகாட்டிகள், பயணிகளின்றி வாயிலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தனர். மதில் இருந்தது, வாயிற்காப்பாளர் இருந்தனர், பலகை இருந்தது, 1985இல் ஐ.நா. கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு அளித்த உலகப் பாரம்பரியச் சின்னம் என்னும் பட்டமும் இருந்தது. ஒதுக்கீட்டு ஆணை குறைவற இருந்தது. குழாயில் நீர் இல்லை.

நீர் ஏன் வரவில்லை? பூங்காவுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 55 கோடி கன அடி நீர் வேண்டும் என்பது கணக்கு. அது பெரும்பாலும் கம்பீர் ஆற்றின் வழியாக வரவேண்டியது. ஆற்றின் மேற்பகுதியில், கரௌலி மாவட்டத்தில், பஞ்சனா என்னும் அணை எழுந்துவிட்டது. வறட்சியில் மேலே உள்ள உழவர்கள், “எங்கள் பயிர் காயும்போது பறவைக்கு நீரா?” என்று கேட்டனர். 2004இல் பூங்காவுக்கு நீர் திறந்துவிடப்படவில்லை. உழவர்களை நாம் பழிக்க இயலாது. காவிரியை அறிந்தவர்கள் நாம்; மேட்டு நிலத்தார் கேள்வியையும் பள்ளத்து நிலத்தார் கண்ணீரையும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் அணையைத் திட்டமிட்ட நாளிலேயே, இந்த ஆற்றின் அடியில் ஒரு நீர்நிலை இருக்கிறது, அதன் பங்கு இவ்வளவு என்று அத்திட்டத்தில் ஒரு வரி உறுதியாக எழுதப்பட்டிருக்க வேண்டாவா? பூங்காச் சட்டம் மதிலுக்குள் நின்றுவிட்டது. பறவையின் வாழ்வோ மதிலுக்கு வெளியே, நெடுந்தொலைவில், ஒரு மதகின் திருகாணியில் இருந்தது.

தில்லிக்குத் திரும்பிய பிறகு எங்கள் மனம் அந்த மண்கட்டியிலேயே நின்றது. நூலகங்களில் தேடிப் படித்தோம். படித்தது எங்களை நாணச் செய்தது. சாலிம் அலி பல்லாண்டுகள் வழிநடத்திய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள், 1980 முதல் பத்தாண்டுகள் அங்கேயே தங்கி ஆராய்ந்திருக்கின்றனர். எருமை மேய்ச்சல் பறவைக்குக் கேடு என்பதுதான் தொடக்கத்தில் பலரும் கொண்டிருந்த எண்ணம். ஆய்வு கண்டதோ வேறு. எருமைகள் நின்றவுடன் நீர்ப்புல் கட்டுக்கடங்காது வளர்ந்து, திறந்த நீர்ப்பரப்பை மூடி, மீனையும் நீர்ப்பறவைகளையும் குறைத்தது. எருமை ஊர்க்காரனுக்குப் பால் கொடுத்ததோடு நில்லாமல், பறவைக்கு நீரையும் திறந்து வைத்திருந்தது. தங்கள் துறையின் கருத்துக்கே மாறாக வந்த முடிவை மறைக்காமல் வெளியிட்ட அந்த ஆய்வாளர்களை வணங்கவே தோன்றுகிறது. பின்னர் ஊரார் உள்ளே சென்று கையால் புல் அறுத்துக்கொள்ள அனுமதி பெற்றனர். ஆனால் அரிவாள் எருமையாகிவிடாது. விற்ற ஆறு எருமைகளும் திரும்பி வாரா.

எங்கள் கேள்வியைப் பையா எவ்வாறு தாங்கிக்கொண்டார் என்று இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. நாங்கள் அவருடைய ஊருக்கு விருந்தாளிகளாகச் சென்று, அவர் வீட்டு ரொட்டியை உண்டுவிட்டு, அவர் தந்தையார் இழந்ததை நியாயம் என்று அவரிடமே சொன்னோம். படித்தவர்கள் என்னும் துணிச்சலைத் தவிர எங்களுக்கு அதற்கு வேறு ஆதாரம் இருக்கவில்லை.

இனி, அங்கு இல்லாமற்போன ஒரு பறவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரத்பூருக்குப் புகழ் தந்தது சைபீரியப் பெருங்கொக்கு. பனி போல் வெண்மை, சிவந்த முகம், சிறகை விரித்தால் மட்டும் தெரியும் கருநுனிகள். மேற்குச் சைபீரியாவின் சதுப்புகளில் குஞ்சு பொரித்து, கசகஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து, குளிர்காலத்தைக் கழிக்கப் பரத்பூரின் ஆழமற்ற நீருக்கு வரும். அங்குச் சேற்றில் அலகைப் புதைத்துக் கோரைக் கிழங்கை அகழ்ந்து உண்ணும். 1960களின் நடுவில் இருநூறு கொக்குகள் வந்தன. ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை தேய்ந்தது. வரும் வழியில் வேட்டையாடப்பட்டது பெருங்காரணம். போரால் அலைக்கழிந்த நாடுகளின் வானத்தில் அவற்றைக் காப்பார் இல்லை. 2001-02ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஓர் இணை மட்டும் வந்தது. அதன்பின் ஒன்றும் வரவில்லை. நாங்கள் சென்றது அதற்கு மூன்றாம் குளிர்காலத்தில். ரிக்ஷாக்காரர் ஒருவர், “இங்கேதான் நிற்கும்” என்று காய்ந்த தரையைச் சுட்டிக் காட்டினார், இறந்துபோன உறவினரின் நாற்காலியைக் காட்டுவது போல.

அவ்வினம் உலகினின்று முற்றும் மறைந்துவிடவில்லை. எஞ்சியவற்றில் மிகப் பெரும்பகுதி கிழக்குச் சைபீரியாவிலிருந்து புறப்பட்டுச் சீனத்தின் பொயாங் ஏரியில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. வலசை போகும் காட்டுயிர்களுக்கான உலக உடன்படிக்கையின் கீழ், இக்கொக்கைக் காக்கவென்றே 1993இல் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் உருவாயிற்று. நல்ல ஒப்பந்தம். ஆனால் பரத்பூர்க் கொக்குகளுக்கு அது காலங்கடந்து வந்தது. தாள் எழுதப்படும் வேகத்துக்கும் உயிர் அழியும் வேகத்துக்கும் உள்ள இடைவெளியைக் கோப்புகளோடு வாழும் எங்களைப் போன்றோர் நன்கு அறிவர்.

இத்தனையும் சொல்வதால் சட்டத்தால் பயனில்லை என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டா. சட்டம் இல்லாதிருந்தால் அந்தப் பள்ளம் என்றோ வயலாகி, பின் மனைகளாகி, இன்று அடுக்குமாடிக் கட்டடங்களாக நிற்கும். சட்டம் இடத்தைக் காத்தது. அது சிறிய செயலன்று. ஆனால் எல்லைக்கோடு போடுவதோடு உறைவிடம் முடிந்துவிடுவதில்லை. நீர் வரும் வழி, வலசை வரும் வழி, அருகில் வாழும் மக்களின் பிழைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே உறைவிடம். சட்டம் முதலில் கோட்டைப் போடுகிறது. திட்டம் இம்மூன்றையும் அக்கோட்டோடு இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் உயிருக்குக் கிடைப்பது எங்களுக்குக் கிடைத்தது போன்ற ஒரு வீடு.

இதற்கு மாறான ஒரு காட்சி நம் நாட்டிலேயே உண்டு. எங்கள் வீட்டாரில் ஒருவரின் பிறந்தகம் மதுராந்தகத்துக்கு அருகில். அங்கிருந்து வேடந்தாங்கல் தொலைவில்லை. அவ்வூர் ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் முறையிட, 1798இல் செங்கற்பட்டுச் சீமையின் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே அளித்து ஆணை வழங்கினார். ஊராருக்குப் பறவை மேல் அன்பு இருந்தது. அதனுடன் ஆதாயமும் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பாய்ந்த வயலுக்கு வேறு உரம் அதிகம் வேண்டுவதில்லை. அங்கே ஆணை பின்னால் வந்தது. ஊரின் உடன்பாடு முன்னால் இருந்தது. பரத்பூரில் ஆணை முன்னால் வந்தது. ஊரின் உடன்பாட்டைப் பின்னால் தேட வேண்டியதாயிற்று. வேடந்தாங்கலும் இன்று கவலையற்று இல்லை. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை விரிந்த சரணாலய எல்லையைச் சுருக்கும் முன்மொழிவு 2020இல் எழுந்தபோது பலத்த எதிர்ப்பு கிளம்பியதை நாளிதழ்களில் அன்பர்கள் படித்திருப்பார்கள். இருநூறு ஆண்டு உடன்பாடும் விழிப்பில்லாவிடில் ஒரு வரைபடத்தில் கரைந்துவிடக்கூடும்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றி ஒரு சொல். பாதுகாக்கப்பட்ட இடங்களைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம் என ஒரு வளையம் வகுக்க, முதலில் வரைவு அறிவிக்கை அரசிதழில் வெளியிடப்படுகிறது. அதன் மேல் கருத்தும் ஆட்சேபணையும் கூற மக்களுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அவ்வறிவிக்கைகளில் எல்லைகளும், ஊர்ப் பெயர்களும், எவை தடை, எவை ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை என்னும் அட்டவணையும் இருக்கும். படிப்பதற்குச் சுவையானவை அல்ல. ஆனால் ஓர் ஓடை எல்லைக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது அங்கேதான் முடிவாகிறது. எந்தத் துறையின் அறிவிக்கையாயினும், காலம் கழிந்த பின் எழுத்தராகிய நாங்கள் குறிப்பில் எழுதும் வரி ஒன்று உண்டு: ‘குறித்த காலத்துக்குள் ஆட்சேபணை எதுவும் வரப்பெறவில்லை.’ எத்தனையோ முறை அவ்வரியை எழுதியிருக்கிறோம். எழுதும்போதெல்லாம், ஆட்சேபணை உண்மையிலேயே எவருக்கும் இல்லையா, அல்லது சொல்ல வேண்டியவருக்குச் செய்தியே எட்டவில்லையா என்ற ஐயம் எழும். பையாவின் தந்தையாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பறவைக்கும் தெரியாது.

2025 ஜனவரியில், அதாவது முதற்பயணத்துக்கு இருபதாண்டுகள் கழித்து, மீண்டும் பரத்பூர் சென்றோம். அன்றைய மூவரில் ஒருவர் சென்னைக்கு மாற்றலாகிவிட்டார். இருவர் குடும்பங்களோடு, குழந்தைகளும் உறவினருமாக, ஒரு வேன் நிறையப் போனோம். பையா அவ்வாண்டில் ஓய்வு பெறவிருந்தார். ஊரில் வீட்டைச் செப்பனிட விடுப்பில் சென்றிருந்தவர் எங்களை எதிர்கொண்டார்.

அவ்வாண்டு ராஜஸ்தானத்தில் மழை நன்கு பெய்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் கோவர்தன் வடிகாலிலிருந்தும் சம்பல் ஆற்றிலிருந்தும் பூங்காவுக்குக் குழாய் வழியே நீர் கொண்டுவர ஏற்பாடு ஆகியிருந்தது. குழாய் நீரில் ஆற்று வெள்ளம் கொண்டுவரும் மீன்குஞ்சும் விதையும் இல்லை என்பது அறிஞர் கூறும் குறை. ஆயினும் உயிர் ஒடுங்காமல் காத்தது அந்நீர். சீமைக் கருவேல் மண்டிக் கிடந்த இடங்களை ஊராரே வேரோடு அகற்றி விறகை எடுத்துக்கொள்ள விட்டதால், பழைய புல்வெளிகள் பல மீண்டிருந்தன. நம் ஊர்க் கண்மாய்களை விழுங்கிய அதே கருவேல்தான். எங்கள் அத்தை வேனிலிருந்தே அதை இனங்கண்டு வசைபாடினார்.

மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகளின் கூடுகள் நிறைந்திருந்தன. பாம்புத்தாரா ஒன்று சிறகை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தது. இமயத்தைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் கூட்டமாக மேய்ந்தன. இரு சாரசக் கொக்குகள் ஒன்றையொன்று பார்த்துக் குரலெழுப்பியதைக் கண்டு குழந்தைகள் ஆரவாரம் செய்தனர். “சைபீரியாக் கொக்கு எங்கே, பெரியப்பா?” என்று எங்கள் பெண் பையாவைக் கேட்டாள். பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறாள். அவர் அவளைத் தூக்கிக் கரைமேல் நிறுத்தி, கைநீட்டி, “அங்கே வரும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வரும்” என்றார். அவள் அந்தத் திசையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அவர் வீட்டு முற்றத்தில் அமர்ந்திருந்தபோது, இருபதாண்டுகளாக எங்கள் நாவில் நின்ற சொல்லைச் சொன்னோம். “பையா, அன்று நாங்கள் பேசியது தவறு. உங்கள் தந்தையாரும் உயிரோடு இல்லை. நீங்களாவது பொறுத்துக்கொள்ள வேண்டும்” என்றோம். அவருக்கு அப்பேச்சு நினைவில் இருந்தது. சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “பாபுஜி, அரசாங்கம் கேட்காததை நீங்கள் கேட்கிறீர்கள். தேநீர் ஆறுகிறது, குடியுங்கள்” என்றார். எருமைப்பாலில் காய்ச்சிய தேநீர். வீட்டின் பின்புறம் இரண்டு எருமைகள் கட்டியிருந்தன. அவற்றுக்கு முன்னால் கிடந்த பசும்புல் பூங்காவிலிருந்து அறுத்து வந்தது.

வலசை வந்து வாழ்வோர் நாம். வந்த இடத்தில் இடமும் நீரும் அக்கம்பக்கத்தார் உடன்பாடும் இருந்தால்தான் வாழ்வு என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அறிந்த நாம் ஒன்று செய்யலாம். நம் சங்கத்தில் சட்டம் படித்தவர் உண்டு. இந்தி, ஆங்கிலம், தமிழ் மூன்றும் எழுதவல்லார் உண்டு. ஓய்வு பெற்று நேரம் உள்ளவர் பலர். வெளியாகும் வரைவு அறிவிக்கைகளில் திங்களுக்கு ஒன்றையேனும் படித்து, அவ்விடத்து நீர் எங்கிருந்து வருகிறது, அங்குள்ள மக்கள் என்ன செய்து பிழைக்கிறார்கள் என்று கேட்டு, அறுபது நாளுக்குள் ஒரு கடிதம் எழுதலாம். அக்கடிதம் வந்து சேர்ந்தால், எங்கோ ஒரு மேசையில் எங்களைப் போன்ற எழுத்தர் ஒருவர், ‘எதுவும் வரப்பெறவில்லை’ என்று எழுத இயலாது. ‘ஒன்று வரப்பெற்றது’ என்றுதான் எழுதியாக வேண்டும். அதன் பிறகு அதற்கு விடை எழுதவும் வேண்டியிருக்கும்.